தித்தித்த தண்ணீரைத் தோல்வி என்று எழுதியவருக்கு

ஊரக நலத்திட்ட மதிப்பீட்டு மையத்தின் திருவள்ளூர்க் களப்பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓயாது உழைத்து, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் முதன்மை மதிப்பீட்டு அலுவலர் திருமதி ச. கமலவல்லி அம்மையார் அவர்களின் திருமுன், அவருடைய களக்குழுவினர் பணிவோடும் பாசத்தோடும், அடக்கி அடக்கிப் பார்த்தும் அடங்காத ஆத்திரத்தோடும் படித்தளிக்கும் மடல்.

சினமே சீராய்ச் சிறந்த செம்மலே! பொய்யைக் கண்டால் பொங்கி, புள்ளிவிவரத்துக்குப் பின்னே புழுங்கும் முகங்களைத் தேடிப் புழுதியில் நடந்த பெருமாட்டியே! வாழைமரம் கட்டிய வரவேற்பு வளைவுகளின் வழியே நுழையாமல், வரப்பு வழியே சுற்றிக்கொண்டு ஊருக்குள் போனவரே! அழுத்தம் வந்தபோது அசையாமலும், அன்பளிப்பு வந்தபோது அதட்டியும், அறிக்கை வந்தபோது ஓர் எழுத்தையும் அடித்துத் திருத்த விடாமலும் நின்ற அஞ்சாமையே! வணக்கம்.

'தாங்கள்' என்று எழுதினால் நீங்கள் திட்டுவீர்கள். அந்தச் சொல்லை மேடையில் இருக்கும் மற்றவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, உங்களை நீங்கள் என்றே விளிக்கிறோம்.

இம்மையத்தில் பணி நிறைவு மடலுக்கென்றே ஒரு வார்ப்பு உண்டு. கணினியில் கிடக்கிறது. பெயரையும் பதவியையும் மாற்றினால் மடல் தயார். 'பொறுமையில் பூமித்தாய், சொல்லில் தேன்பாகு, புன்னகையில் முழுநிலவு' என்று அது தொடங்கும். சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற கணக்கருக்கும் அதுதான், அதற்கு முன்னே ஓய்வு பெற்ற முறுக்கு மீசைக் காவலாளிக்கும் அதுதான். உங்களுக்கும் அதையே அச்சிட்டுச் சட்டம் போடும்படி தலைமையகத்திலிருந்து சொன்னார்கள். எழுதும் பொறுப்பு களப்பணியாளர் தமிழ்செல்வியிடம் வந்தது. 'பொறுமையில் பூமித்தாய்' என்று அவர் உரக்கப் படித்ததும் அறையிலிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். நீங்கள் சாத்திய வேகத்தில் கழன்ற கதவுத் தாழ்ப்பாள் எதிரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வார்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொந்தக் கையால் எழுதினோம். இதில் பிழை இருந்தால் தமிழ்செல்வியைத் திட்டுங்கள். காரம் இருந்தால் அது எங்கள் எல்லோருடையதும்.

விழாவுக்குத் தலைமை தாங்கும் இயக்குநர் திரு. சுப்பராயன் அவர்கள் பொறுத்தருள வேண்டும். காலையில் தங்கள் பார்வைக்கு வைத்தது வார்ப்பு மடல். இப்போது வாசிப்பது இது.

அம்மையீர், நலத்திட்டங்களை மதிப்பிடுவது நம் தொழில். அரசு ஓர் ஊருக்குக் குழாய் போட்டது என்றால், குழாய் இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா, வரும் தண்ணீர் குடிக்கும்படி இருக்கிறதா, குடிக்க வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேருகிறதா என்று நேரில் பார்த்து எழுதத்தான் நமக்குச் சம்பளம். பலர் முதல் கேள்வியோடு திரும்பிவிடுவார்கள். குழாயைப் படம் பிடித்தால் அவர்களுக்கு வேலை முடிந்தது, மதியச் சாப்பாட்டுக்குத் திருவள்ளூர் வந்துவிடலாம். நீங்கள் கடைசிக் கேள்விக்காகவே வண்டி ஏறினீர்கள். ஆரணிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் புதுக் கழிப்பறைகளுக்குள் விறகு அடுக்கியிருந்ததைப் பார்த்து, மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதப் போனார் ஒருவர். நீங்கள் விறகைக் கீழே இறக்கச் சொன்னீர்கள். பின்னால் குழியும் இல்லை, பீங்கானும் இல்லை. விழிப்புணர்வு யாருக்கு இல்லை என்று நீங்கள் கேட்ட கேள்வி அந்தத் தெருமுனை வரை கேட்டது.

ஆடு வளர்ப்புத் திட்டத்தை எப்படி மறப்போம்? ஆறு பயனாளிகள், ஆறு படங்கள், ஆறு படத்திலும் ஆடு. ஆறு படத்திலும் அந்த ஆட்டுக்கு இடக்கொம்பு பாதி ஒடிந்திருந்ததை நீங்கள்தான் பார்த்தீர்கள். ஒரே ஆடு வாசல் வாசலாக நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் படங்களில் ஒன்றை நம் ஓட்டுநர் எபினேசர் இன்னும் வண்டிக் கண்ணாடிக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறார். கேட்டால், நம் மாவட்டத்திலேயே அதிகம் உழைத்த அரசு ஊழியர் அதுதான் என்பார்.

தலைமையகத்துக் கேள்வித்தாளில், 'திட்டத்தால் தங்கள் குடும்பத்தின் மகிழ்ச்சி: மிகுதி, நடுத்தரம், குறைவு' என்று ஒரு கேள்வி இருக்கும். அதை மட்டும் நீங்கள் ஒரு வீட்டிலும் கேட்டதில்லை, எங்களைக் கேட்க விட்டதுமில்லை. "காலிக் குடத்தோட நிக்கறவாகிட்ட சந்தோஷமா இருக்கேளான்னு கேப்பியோ? பல்லைப் பேத்துடுவா" என்று களப்பணியாளர் விமலிடம் சொன்னீர்கள். விமல் அந்தப் பக்கத்தையே கிழித்து, சாப்பிட்ட கை துடைத்தார்.

உங்களுக்கென்று ஒரு முறை உண்டு. ஊராட்சியார் அழைத்துப்போகும் முதல் வீட்டில் உட்கார மாட்டீர்கள். அங்கே பாய் புதிதாக இருக்கும், மோர் தயாராக இருக்கும், சொல்ல வேண்டியதும் தயாராக இருக்கும். இரண்டாம் வீட்டுக்கும் சொல்லிவைத்திருப்பார்கள். மூன்றாம் வீட்டு வாசலில் போய் நின்று, "கொஞ்சம் தண்ணி குடுங்கோ" என்பீர்கள். சொம்பை வாங்கி, முதலில் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி முகர்ந்து பார்த்த பிறகே குடிப்பீர்கள். உங்கள் தந்தையார் சடகோபன் அவர்கள் திருவள்ளூரில் கோயில் திருமஞ்சனத்துக்கு நீர் எடுத்த காலத்தில் அப்படித்தான் செய்வாராம். "பெருமாளுக்கு முகர்ந்து பாத்துக் குடுக்கறோம். மனுஷாளுக்கு மட்டும் பாக்காம குடுக்கலாமா?" என்று ஒருமுறை கேட்டீர்கள். கண்ட வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவள் என்று சொல்லி, உறவினர் சிலர் உங்களை விசேஷங்களுக்கு அழைப்பதை நிறுத்திக்கொண்டதும் எங்களுக்குத் தெரியும். நீங்கள் வாய் திறந்து சொன்னதில்லை. காலையில் உங்களை அழைத்துப்போக வந்து தெருவில் காத்து நின்ற எபினேசரின் காதில் விழுந்தது. அன்றைக்கு வந்த கோபம் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

இனி ஓடைமேடு. அந்தப் பெயரைக் கேட்டதும் மேடையில் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று எழுதும்போதே தெரிகிறது. உட்காரட்டும்.

எளாவூர்ச் சோதனைச்சாவடிக்குச் சற்று முன்பாக, கொல்கத்தா நெடுஞ்சாலையின் ஓரத்தில், ஊரையும் ஊராரின் நெல்வயல்களையும் தாண்டி ஒதுங்கிக் கிடக்கிறது ஓடைமேடு காலனி. செங்கல் சூளைக்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் தினக்கூலிக்குப் போகும் குடும்பங்கள். அங்கே நிலத்தடி நீர் துவர்க்கும். குடத்தில் பிடித்து வைத்தால் மறுநாள் அடியில் செந்துரு படிந்திருக்கும். அதை மாற்றத்தான் 'ஊர்நீர் நிறைவுத் திட்டம்' வந்தது. ஆழ்துளைக் கிணறு வந்தது, துவர்ப்பை நீக்கும் இயந்திரம் வந்தது, மேல்நிலைத் தொட்டி வந்தது, வீட்டுக்கொரு குழாய் வந்தது. தொட்டிக்கு நீல வண்ணம் பூசித் திறப்பு விழாவும் வந்தது. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் இயந்திரம் நின்றது, பழுது பார்க்க வேண்டிய ஒப்பந்தக்காரர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார், குழாய்களும் நின்றன.

இதுவரை நடந்தது பல ஊர்களில் நடப்பது. அடுத்து நடந்ததைக் கேளுங்கள். திட்டம் வருவதற்கு முன், காலனிப் பெண்கள் ஊருக்குள் இருந்த பொதுக்குழாயில் கடைசி ஆளாக நின்றாவது குடிக்கிற தண்ணீர் பிடித்து வந்தார்கள். திட்டம் வந்த பிறகு, "உங்களுக்குத்தான் தனியா டேங்கு கட்டிக் குடுத்துட்டாங்களே, இங்க இன்னா வேலை?" என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். இன்று அவர்கள் நெடுஞ்சாலையைக் கடந்து, மறுபக்கத்து ஏரிக்கரைக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். மாநில எல்லை தாண்டும் சரக்கு லாரிகள் பிரேக்கை மறந்து பறக்கும் சாலை அது. நலத்திட்டம் என்ற பெயரில் வந்தது, இருந்த தண்ணீரையும் பிடுங்கிக்கொண்டு, பெண்களை லாரிக்கு முன்னால் நிறுத்தியது. அதற்குத்தான் நாம் மதிப்பெண் போடப் போனோம்.

மதிப்பிடப் போகும் நாளை ஊருக்கு முன்கூட்டித் தெரிவிக்கக் கூடாது என்பது நம் விதி. ஆனால் அந்த முறை இயக்குநர் அவர்களே நேரில் வருவதாக இருந்ததால், மரியாதை என்ற பெயரில் தகவல் முன்னதாகவே போய்விட்டது. நாம் போய் இறங்கியபோது ஓடைமேடு கழுவிவிட்டது போல இருந்தது. குழாயைத் திறந்தார்கள், தண்ணீர் கொட்டியது. இயக்குநர் அவர்கள் இரண்டு குவளை வாங்கிக் குடித்து, "அடடா, பாட்டில் தண்ணி தோத்துது போங்க" என்றார்கள். அது படம் பிடிக்கப்பட்டது. மையத்தின் ஆண்டு மலரில் அட்டைப்படமாக வருவதற்குத் தயாராக இருக்கிறது.

நீங்கள் அதற்குள் மூன்றாம் வீட்டு வாசலில் நின்றீர்கள். ஜோதிலட்சுமி என்கிற பெண்ணின் வீடு. சொம்பை வாங்கினீர்கள், உள்ளங்கையில் ஊற்றினீர்கள், முகர்ந்தீர்கள், குடித்தீர்கள். உங்கள் முகம் மாறியது. உள்ளே எட்டிப் பார்த்தீர்கள். குடங்கள் நிரம்பியிருந்தன, அண்டா நிரம்பியிருந்தது, சோற்றுக் குண்டான், குழம்புச் சட்டி, மகளின் பள்ளித் தண்ணீர்ப் புட்டி வரை நிரம்பியிருந்தது.

"என்னம்மா, இருக்கற பாத்திரம் பூரா ரொப்பி வெச்சிருக்கே?" என்று கேட்டீர்கள்.

"பின்ன இன்னா மேடம், நீங்க கெளம்பிட்டா அவ்ளோதான். அப்பறம் அடுத்த தபா ஆபீசருங்க வந்தாதான் இதுல தண்ணி. மாசத்துக்கு ஒரு தபா வந்துனு போங்களேன். எங்களுக்குக் கொஞ்ச நாளு அந்த ரோட்டத் தாண்டுற பேஜாரு இருக்காது" என்றார் ஜோதிலட்சுமி.

கேலியாக அவர் சொல்லவில்லை. உண்மையாகவே நம்மை அழைத்தார். நாம் போகும் நாளில் தண்ணீர் வருகிறது, ஆகவே நாம் அடிக்கடி போக வேண்டும். விமல் தெரியாமல் சிரித்துவிட்டார். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

பிறகு நீங்கள் தொட்டிக்கு அடியில் போய் நின்றீர்கள். ஈரமண்ணில் லாரிச் சக்கரத்தின் தடம் இருந்தது. இயக்குநர் அவர்களிடம் வந்து, "சார், தண்ணி தித்திக்கறது" என்றீர்கள்.

"அதைத்தானே மேடம் நானும் சொன்னேன்."

"இந்த மண்ணுத் தண்ணி தித்திக்காது சார். இது லாரியில வந்த தண்ணி. நாம வரோம்னு தொட்டியில கொண்டுவந்து கொட்டியிருக்கா."

மறுநாள் நீங்கள் எழுதிய அறிக்கையில் ஒரு வரி: 'ஓடைமேட்டில் ஆய்வு நாளன்று குழாய்களில் வந்த நீர் தித்திப்பாக இருந்தது, எனவே திட்டம் தோல்வி.' இவ்வளவு காலத்தில் எத்தனையோ அறிக்கைகளைப் படித்திருக்கிறோம், தட்டச்சு செய்திருக்கிறோம், தைத்துக் கட்டியிருக்கிறோம். இப்படி ஒரு வரியை எழுத ஒரு நாக்கும் ஒரு நெஞ்சும் வேண்டும். நாக்கு பலருக்கு இருக்கிறது.

அந்த வரியை மாற்றச் சொன்னார்கள். ஏன் மாற்றக் கூடாது என்பதை இங்கே கூடியிருக்கும் உறவினரும் நண்பரும் தெரிந்துகொள்ள வேண்டும். 'நிறைவு' என்று அறிக்கை போனால், குடிநீர் தேவைப்படும் ஊர்களின் வரிசையிலிருந்து ஓடைமேடு நீக்கப்படும். அடுத்து வரவிருக்கும் ஏரிநீர்க் குழாய் ஓடைமேட்டைத் தொடாமல் தாண்டிப் போகும். 'தோல்வி' என்று போனால்தான் அந்தக் குழாய் காலனிக்குள் வரும். ஒரு சொல்லின் இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் நெடுஞ்சாலை.

தலைமையகத்தில் நடந்த கூட்டத்தில் இயக்குநர் அவர்கள், "தொட்டி இருக்கு, பைப் இருக்கு, தண்ணி வந்துச்சு, நானே குடிச்சேன். தோல்வின்னு போட்டா எத்தனை பேருக்குச் சங்கடம்? 'நிறைவு, பராமரிப்பு தேவை'ன்னு போடுங்க மேடம். எல்லாருக்கும் நல்லது" என்றார்கள்.

"எல்லாருக்கும்னா, யார் யாருக்கு சார்?" என்று கேட்டீர்கள். நீங்கள் மேசையில் தட்டிய தட்டலில் தேநீர் சிந்தி, ஓடைமேட்டுப் படம் நனைந்தது. இயக்குநர் அவர்கள் குவளையோடு சிரித்துக்கொண்டிருக்கும் அதே படம்தான்.

அதன் பிறகு உங்களோடு யாரும் வாதாடவில்லை. அதைவிட எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அறிக்கையைத் தூங்க வைத்துவிட்டு, "மேடம் ரிட்டையர் ஆகட்டும்" என்றார்கள். உங்கள் வயது முடிந்தால் உங்கள் உண்மையும் முடிந்துபோகும் என்று கணக்குப் போட்டார்கள். ஓர் ஊரின் குடிநீரை ஒரு பெண்மணியின் பிறந்தநாளோடு முடிச்சுப் போட்டுக் காத்திருந்த கேவலத்துக்கு எந்தச் சொல்லை எழுதுவது என்று தமிழ்செல்வி வெகுநேரம் யோசித்தார். மேடை நாகரிகம் கருதி இந்த இடத்தில் ஒரு சொல்லை விட்டிருக்கிறோம். கேட்பவர்கள் அவரவருக்குத் தெரிந்ததைப் போட்டுக்கொள்ளலாம்.

நாளை முதல் உங்கள் நாற்காலியில் அமரவிருக்கும் துணை அலுவலர் மோகன்ராஜை அழைத்து, "ஒண்ணாம் தேதி ஒரே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்றும் சொல்லியாகிவிட்டது. இந்த மடலை உங்கள் முன் நின்று வாசித்துக்கொண்டிருப்பவர் அந்த மோகன்ராஜ்தான்.

அம்மையீர், எங்கள் கோபம் முழுவதும் மேடையின் ஒரு பக்கத்துக்கே போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மேலும் எங்களுக்குக் கோபம் உண்டு. அதைச் சொல்லாமல் மாலை போட்டால் அந்த மாலையில் பொய் இருக்கும்.

அலுவலர் ஒருவர் மட்டும் கையெழுத்திட்ட அறிக்கையை, அவருக்குப் பின் வருகிறவரின் கையெழுத்தால் மாற்றலாம். களக்குழுவினர் அத்தனை பேரும் கையெழுத்திட்டிருந்தால் மாற்ற முடியாது. மறுபடி அந்த ஊருக்குப் போய் ஆய்வு செய்துதான் ஆக வேண்டும். மையத்தின் இந்த விதியை எங்களுக்குச் சொல்லித் தந்தவரே நீங்கள். ஓட்டுநரும் ஊரைப் பார்க்கிறவர்தான் என்று சண்டை போட்டு, எபினேசரைக் களக்குழுவில் சேர்த்தவரும் நீங்கள். அப்படிப்பட்ட நீங்கள் இத்தனை ஆண்டுகளாக எந்தச் சிக்கலான அறிக்கையிலும் எங்களைக் கையெழுத்திட விட்டதில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு வந்தால், "நீ தள்ளி நில்லு. வருஷா வருஷம் உனக்கு ஆர்டர் புதுப்பிக்கணும். எனக்கென்ன, நான் போறவ" என்று விரட்டினீர்கள்.

நாங்கள் ஒப்பந்தப் பணியாளர்கள் என்பதால் எங்களைக் காப்பாற்றினீர்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. உண்மை. ஆனால் எல்லா அடியையும் நீங்களே வாங்கிக்கொண்டு, எங்களை நிழலில் நிறுத்தி வைத்தீர்கள். நிழலில் நின்று நின்று எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. ஓடைமேட்டு அறிக்கையிலும் நீங்கள் ஒருவர் மட்டுமே கையெழுத்திட்டதால்தான், 'ரிட்டையர் ஆகட்டும்' என்று ஒருவர் சொல்ல முடிந்தது. இதற்காக உங்களை மன்னிக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

ஆகவே சென்ற ஞாயிற்றுக்கிழமை, உங்களிடமும் சொல்லாமல், நாங்கள் நால்வரும் ஓடைமேட்டுக்குப் போனோம். மையத்து வண்டியை எடுக்கவில்லை. சூளூர்பேட்டை ரயிலில் எளாவூரில் இறங்கி நடந்தோம். முதல் வீட்டைத் தாண்டினோம், இரண்டாம் வீட்டைத் தாண்டினோம், மூன்றாம் வீட்டு வாசலில் நின்றோம். கதவு சாத்தியிருந்தது. வாசலில் இருந்த குழாயைத் திருகினோம். அதன் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

தண்ணீருக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நெடுஞ்சாலைக்குப் போய் நின்றோம். சாலையின் நடுத் திட்டில் ஜோதிலட்சுமி நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். மறு கை, பக்கத்தில் நின்ற மகள் ஸ்நேகாவின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். அவள் இடுப்பிலும் ஒரு குடம். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலியெழுப்பிக்கொண்டு போயின. ஓர் இடைவெளி கிடைத்தபோது இருவரும் ஓடினார்கள். குடத்தோடு ஓடுகிறவர்களை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம். எங்களிடம் வந்து சேர்ந்தபோது தண்ணீர் பாதி சிந்தியிருந்தது.

"மேடம் வர்ல?" என்பதுதான் ஜோதிலட்சுமி முதலில் கேட்டது.

"மேடம் ரிட்டையர் ஆகப் போறாங்க" என்றார் தமிழ்செல்வி.

"ஐயோ. அப்போ இனிமே தண்ணி லாரி வராதா?"

அவரே குடத்தைச் சாய்த்து, "இவ்ளோ தூரம் நடந்துனு வந்துக்கிறீங்க, தாகமா இருக்கும், குடிங்க" என்றார். சாலையைத் தாண்டி வந்த தண்ணீரைக் குடிக்க மனம் வரவில்லை. குடிக்காமல் திருப்பித் தந்தால் அது அவருக்கு அவமானம். தமிழ்செல்வி உங்களைப் போலவே உள்ளங்கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார். நாங்களும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். நல்ல தண்ணீர்தான்.

திரும்பும் ரயில் பொன்னேரி வந்ததும் விமல்தான் பேச்சை எடுத்தார். "மிஞ்சிப் போனா இன்னா பண்ணுவாங்க? வேலைய வுட்டுத் தூக்குவாங்க. தூக்கட்டும்." திருநின்றவூரில் தவணைக்கு வீடு வாங்கி, இன்னும் பால் காய்ச்சாதவர் அவர். எபினேசர், "எனக்கு லாரி ஓட்டத் தெரியும்பா. ஆனா அந்த ரோட்டுல மட்டும் ஓட்ட மாட்டேன்" என்றார். மோகன்ராஜ் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மூடி வைத்தார்.

இன்று நண்பகல், நீங்கள் மேசை மேசையாகப் போய் விடைபெற்றுக்கொண்டிருந்த நேரத்தில், நம் பிரிவில் இருந்த ஓடைமேட்டு அறிக்கையின் மூலப்படியை எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை கண்டதை அதில் சேர்த்தோம். உங்கள் கையெழுத்துக்குக் கீழே நால்வரும் கையெழுத்திட்டோம். நீங்கள் பதவியில் இருக்கும்போதே அது அரசுக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டும் என்பதால், தபாலில் சேர்த்துவிட்டுத்தான் இந்தப் பந்தலுக்கு வந்தோம்.

இயக்குநர் அவர்களே, நாளை மோகன்ராஜின் கையெழுத்து தங்களுக்குத் தேவைப்படாது. அது ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது. எங்கள் நால்வரின் பணி ஆணையும் அடுத்த மாதம் தங்கள் மேசைக்கு வரும். அதைப் பற்றித் தாங்கள் விரும்பியவாறு முடிவு செய்யலாம். ஓடைமேட்டைப் பற்றி இனித் தாங்கள் ஒருவராக முடிவு செய்ய முடியாது. மறுஆய்வு வேண்டுமென்றால் வாருங்கள், நாங்களும் வருகிறோம். இம்முறை யாருக்கும் தகவல் சொல்ல வேண்டாம். குளவிக் கூட்டைத் தங்கள் கையாலேயே பெயர்த்துப் பார்க்கலாம்.

அம்மையீர், பொன்னாடையும் சுவர்க்கடிகாரமும் மையத்தின் அன்பளிப்பு. அவற்றை வாங்கிக்கொள்ளுங்கள், கடிகாரம் நன்றாக ஓடுகிறது. எங்கள் அன்பளிப்பு எங்கள் நான்கு பெயர்கள். அவற்றை நீங்கள் எங்களிடம் ஒருபோதும் கேட்கவில்லை. கேட்காமலே தருகிறோம். இதைக் கேட்டு இப்போது உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். வீட்டுக்குப் போய்த் திட்டுங்கள், தொலைபேசியில் திட்டுங்கள், நாளைக் காலை பழக்கம் விடாமல் அலுவலகத்துக்கே வந்து நின்று திட்டுங்கள். தாழ்ப்பாளை அதற்காகவே சரிசெய்யாமல் வைத்திருக்கிறோம்.

மடலை வாழ்த்தி முடிப்பது மரபு. எங்கள் வாழ்த்தில் சுயநலம் கலந்திருக்கிறது. உங்கள் முழங்கால் வலி குறையட்டும். சர்க்கரை சொன்னபடி கேட்கட்டும். கண் தெளிவாக இருக்கட்டும். நாக்கின் சுவையும் நெஞ்சின் சூடும் எந்த நாளும் மங்காதிருக்கட்டும். நீங்கள் நெடுங்காலம் வாழ்ந்தே ஆக வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது.

ஏரிநீர் ஓடைமேட்டுக்கு வரும் நாளில் உங்களை அழைத்துப்போக வருவோம். வளைவு இருந்தால் சுற்றிக்கொண்டு போவோம். நீங்கள் மூன்றாம் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேளுங்கள். ஜோதிலட்சுமி வீட்டில்தான் இருப்பார். ஸ்நேகா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். உள்ளே எட்டிப் பாருங்கள், பாத்திரங்கள் காலியாகவே கிடக்கட்டும். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்துவிட்டுக் குடித்துப் பாருங்கள். அன்றும் தண்ணீர் தித்திக்கும். அன்றைக்குத்தான் நீங்கள் நிறைவு என்று எழுத வேண்டும்.

இங்ஙனம்,
உங்கள் கையெழுத்துக்குக் கீழே இடம் பிடித்துக்கொண்ட களக்குழுவினர்

மோகன்ராஜ், துணை மதிப்பீட்டு அலுவலர்
தமிழ்செல்வி, களப்பணியாளர்
விமல், களப்பணியாளர்
எபினேசர், ஓட்டுநர்

திருவள்ளூர்க் களப்பிரிவு